மணமே தெரியாத சென்ட்

கேள்வி: மாலிக்யூல் 01 வாங்கினேன். பூசிய சற்று நேரத்தில் எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. கோயிலில் பக்கத்தில் நின்ற அம்மாவோ, என்ன சென்ட் என்று விசாரித்தார். போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அந்த அம்மா விசாரித்திருக்கிறார் என்றால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சென்ட் வடிவமைப்பாளர் கேசா ஷோன் 2006-இல் கொண்டுவந்த இந்தச் சென்டில், பல சென்டுகளில் துணைக்குச் சேர்க்கப்படும் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மணப்பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பூவும் இல்லை, பழமும் இல்லை. சிலர் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை. எட்டியவர்களுக்கும் மூக்கு பழகியதும் மறைந்து, வெளியே போய்வந்தால் திரும்பத் தெரியும். தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடித்துக்கொண்டால், டாக்சியில் உங்களோடு நெருக்கி உட்காருபவர்தான் அவதிப்படுவார்.

கேள்வி: வெறும் ஸ்பிரிட்டுக்கு இவ்வளவு விலையா என்று கணவர் கேலி செய்கிறார். – ஃபீனிக்ஸ்

பதில்: ஸ்பிரிட் பெரும்பாலான சென்டுகளில் உண்டு. விலையைப் பற்றி அவர் சொல்வது நியாயம்.

கேள்வி: புகழ்ச்சியைப் படித்து, முகர்ந்து பாராமல் இணையத்தில் அதையே வாங்கினேன். எனக்குப் பென்சில் சீவிய வாடைதான் வருகிறது. மூன்று வாரமாகிறது, பணம் திரும்புமா? – டோங்காட்

பதில்: திரும்பாது. மூன்று வாரமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44-ஆம் பிரிவில், பொருள் கைக்கு வந்த 7 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துசெய்யும் உரிமையைத் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பென்சில் வாடை குறையன்று, அந்தப் பொருளின் குணமே அதுதான். முகராமல் வாங்கிய அத்தர் ஒன்று என் வீட்டுக் கழிவறையில்தான் மணம் வீசுகிறது.

கேள்வி: அதே சென்டைக் கடையில் வாங்கினேன். குப்பியின் அடியிலுள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் வேறுவேறு, போலியோ என்று சந்தேகம்; கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. கடைக்காரர், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார். – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். இந்தப் பலகையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சட்டம் படிக்காத வாடிக்கையாளரை வாசலிலேயே வாயடைக்கத்தான் அதை மாட்டுகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவில், குறையுள்ள பொருளை 6 மாதங்களுக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம் என்கிறது; எது வேண்டும் என்று சொல்வது நீங்கள், கடைக்காரர் அல்லர். எந்தப் பலகையும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. இரண்டு எண்களும் தெரியும்படி படமெடுத்து, ரசீதின் நகலோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். தோலை மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தருவதையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: கடையில் காகிதத் துண்டில் தெளித்துக் காட்டுகிறார்கள். அது போதுமா? – டர்பன்

பதில்: போதாது. மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போய், மாலையில் வீட்டாரை முகரச் சொல்லுங்கள்.