ஆய்வகத்தில் கண்டுபிடித்தது நோயாளியின் கைக்கு வந்து சேர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

கிராம சுகாதாரச் செவிலியராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நீங்கள் கேட்கும் அந்தப் பாதையின் கடைசி முனையில், தாய்மார்களின் வீட்டு வாசலில் நின்றவள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மருந்தை வைத்தே சொல்கிறேன்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது பேதியில் இழந்த நீரை ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கலவை.

சர்க்கரையும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்துக்கொண்டுதான் குடல் சுவரைக் கடக்கின்றன என்று 1960இல் ஐரோப்பாவின் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் விளக்கினார். அவை போகும் வழியே தண்ணீரும் உள்ளே போகிறது. காலரா குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கும்போதுகூட இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை. சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்பது இதிலேயே இருக்கிறது. ஆனாலும் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் அதைச் செய்து காட்ட 1968 ஆகிவிட்டது. அதன் பிறகும் பெரும்பாலான மருத்துவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நரம்பில் ஏற்றுவதுதான் வைத்தியம், வாயால் குடிப்பது எப்படி மருந்தாகும் என்ற எண்ணம்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வங்காள எல்லையைக் கடந்து வந்தார்கள். பங்காவ் முகாமில் காலரா பரவியது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பிவைத்தார். அந்தக் குழாயில் பிடித்துவந்து புகட்டியவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய துணிச்சல் இதுதான்: செவிலியரின் கையிலிருந்த வேலையைப் படிக்காத தாயிடமும் தம்பியிடமும் நம்பிக் கொடுத்தது. நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்தக் கணக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும், எங்கள் பகுதியில் பொட்டலத்தை நீட்டினால் தாய்மார்களின் முகம் வாடும். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் சொல்லியிருப்பார். “குளுக்கோஸ் ஏற்றுங்கள் அம்மா” என்று கெஞ்சுவார்கள். உள்ளே இருப்பதும் குளுக்கோஸ்தான் என்றால் நம்பமாட்டார்கள். ஒருமுறை, கண் குழிந்துபோன பத்து மாதக் குழந்தைக்கு முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கரைத்துவைத்திருந்தாள் ஒரு பெண். அவள் மீது தவறில்லை. ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அன்றிலிருந்து, போகும் வீட்டிலேயே இருக்கும் டம்ளரை வாங்கி, எத்தனை டம்ளர் ஒரு லிட்டர் என்று அளந்து காட்டிவிட்டுத்தான் நகர்வேன்.

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகள் இதையே பெரிய அளவில் செய்தது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் பெண்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். சொல்லிக்கொடுத்தவரின் சம்பளம் அதைப் பொறுத்தது. ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இப்படிப்பட்ட வேலைக்கு ஒதுக்கினால், நீங்கள் கேட்கும் ஆண்டுகளில் பாதி குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். ஒரே மூச்சில் குடிக்கவைக்காமல் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைத்து ஒரு நாள் ஆகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். குழந்தை சோர்ந்து குடிக்கவே மறுத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.