காட்டு துலிப்: இலை வந்தது, பூ எங்கே?

"வெயில் நன்றாக விழும் சரளை மண் தோட்டம். தேனீக்களுக்காகக் காட்டு துலிப் நட்டேன். முதல் வசந்தத்தில் பூத்தது. கோடை முழுக்கச் சொட்டு நீர் விட்டும், இந்த ஆண்டு இலை மட்டும்தான். ஏன்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

அந்தச் சொட்டு நீர்தான் காரணம். துர்கெஸ்தானிகா, டார்டா போன்ற காட்டு துலிப் வகைகள் மத்திய ஆசிய மலைச்சரிவுகளின் செடிகள். பனி உருகும் ஈரத்தில் பூத்துவிட்டு, கோடையில் காய்ந்த மண்ணுக்குள் உறங்கும். அடுத்த ஆண்டின் மொட்டு அந்த உறக்கத்தில்தான் கிழங்குக்குள் உருவாகிறது. இலை மஞ்சளானதும் குழாயை மூடிவிடுங்கள். இலை பச்சையாக இருக்கும்வரை கத்தரிக்கோலும் வேண்டாம்.

ஒரு கிழங்கைத் தோண்டிப் பாருங்கள். ஒன்று நட்ட இடத்தில் பூண்டுப் பல் அளவுக் குட்டிகள் நான்கைந்து இருந்தால், அவை பருத்துப் பூக்க இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். இலையுதிர் காலத்தில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் திரும்ப நடுங்கள்.

அவசரப்பட்டுப் புதுக் கிழங்கு வாங்கப் போகாதீர்கள். "காட்டு வகை" என்பதும் காட்டிலிருந்து தோண்டி வந்தது என்பதும் வேறு வேறு. நாற்றங்காலில் பெருக்கியதா என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் "தேனீக்கு உகந்தது" என்ற சீட்டு. 2017இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டன் கடைகளில் அப்படி விற்ற செடிகளைச் சோதித்தபோது, பலவற்றில் தேனீயைக் கொல்லும் நியோனிகோடினாய்டு என்ற பூச்சிமருந்து இருந்தது. கிழங்கின் சுற்றளவைப் பையில் அச்சிடுகிறார்கள், எந்த மருந்தில் முக்கினார்கள் என்பதை அச்சிடுவதில்லை. அதைக் கட்டாயமாக்க இன்னும் எத்தனை தேனீ சாக வேண்டும்? அதுவரை, மருந்து படாதது என்று எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

கோடையில் காய்ந்த மண் வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு: ஸ்ப்ரெங்கெரி என்ற துலிப் வகை. துருக்கியின் அமாஸ்யா பகுதியைச் சேர்ந்த சிவப்புப் பூ. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இன்று அங்கே காட்டில் ஒன்றுகூட இல்லை, தோட்டங்களில்தான் உயிரோடு இருக்கிறது. மற்ற துலிப்புகள் ஓய்ந்த பிறகு பூக்கும். அரை நிழலையும் கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும். உங்கள் தோட்டத்தில் மரத்தடி ஓரம் இருந்தால் இதற்குக் கொடுங்கள். விதையிலிருந்து பூக்க நான்கைந்து ஆண்டு ஆகும், ஆனால் பிடித்துக்கொண்டால் தானாகவே பரவும். பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். காய் காய்ந்து வெடித்து விதை கீழே விழட்டும்.