எட்டுப் பெயரில் மூன்று பெயர்

அன்பின் ஐயா,

இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளர் பட்டியலிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். நானும் ஒரு பெண், எனக்கே இதில் உடன்பாடில்லை. தகுதி உள்ளவர் தானாக மேலே வருவார். 2024இல் எந்தச் சட்டமும் இல்லாமல் 20 பெண்களுக்கு மேல் போகவில்லையா? எங்கள் பிரதேச சபையில் ஒதுக்கீட்டில் வந்த அக்காவுக்குப் போன் எடுத்தால் அவருடைய கணவர்தான் பேசுகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., ஆரையம்பதி

அன்பின் ம.,

அந்தச் சட்டத்தில் எனக்கும் நம்பிக்கையில்லை. காரணம்தான் வேறு. அது வந்தாலும் மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண்கூட அதனால் பாராளுமன்றம் போகப் போவதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு 5 ஆசனம். ஆசனத்தை விட மூன்று பேர் கூட, ஒரு பட்டியலில் 8 பெயர். மூன்று பெண்களைப் போடு என்றால் போடுவார்கள், வேட்புமனுக் கொடுக்கும் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் வைத்தாவது போடுவார்கள். அதோடு சட்டத்தின் வேலை முடிந்தது. பிறகு நடப்பது விருப்பு வாக்குச் சண்டை, அதாவது கட்சிக்கு வாக்களிப்பவர் அதன் பட்டியலில் தனக்குப் பிடித்தவர்களுக்குப் போடும் வாக்கு. 2024இல் எங்கள் 5 ஆசனமும் மூன்று கட்சிகளுக்கு 3, 1, 1 என்று பிரிந்தது. ஓர் ஆசனம் எடுத்த கட்சியில் அதிக விருப்பு வாக்கு விழுந்த ஒருவருக்குத்தான் இடம். அந்த ஒருவராக வருவதற்கு வாகனம் வேண்டும், பொடியன்கள் வேண்டும், மாவட்டத்தின் வடக்கே வாகரையிலிருந்து தெற்கே துறைநீலாவணை வரை ஓடக் காசு வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கூட்டம் முடிந்து வீடு வந்தால் ஒன்றும் கதைக்காத அயலும் வேண்டும். 2024இல் வென்ற ஐந்து பேரும் ஆண்கள்.

1991இல் அர்ஜென்டினா பட்டியலில் 30 சதவீதம் என்று சட்டம் போட்டபோது அங்கே விருப்பு வாக்கு இல்லை. பட்டியல் வரிசைப்படிதான் ஆள் போகும். வெல்லக்கூடிய இடத்தில் பெண்ணை வை என்றும் சேர்த்தே எழுதினார்கள். எங்களிடம் அந்த வரிசையே கிடையாது.

தானாக மேலே வருவார் என்கிறீர்கள். கிழக்கில் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 1980இல் பொத்துவிலுக்கு ரங்கநாயகி பத்மநாதன் வந்தது அங்கே உறுப்பினராக இருந்த சகோதரர் கனகரத்தினம் இறந்த பிறகு. 2000இல் அம்பாறையில் பேரியல் அஷ்ரப் வந்தது கணவர் இறந்த பிறகு. இருவரையும் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் கதவு திறந்தது மரணத்தால். மட்டக்களப்பில் 2004இல் வென்ற க. தங்கேஸ்வரி தொல்லியல் படித்து, எங்கள் ஊர்களின் பழைய கதைகளைத் தேடி எழுதியவர். அவருக்குப் பிறகு நான்கு பொதுத்தேர்தல் போய்விட்டது, இங்கே ஒரு பெண்ணும் வெல்லவில்லை. இருபது வருடமாகவா தகுதியானவர் பிறக்கவில்லை? எங்கள் குடி, அதாவது குலம், தாய்வழி, வீடு மகளுக்கு. ஆனால் அந்தக் குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகியாக, நிற்பது மாமன்தான்.

2024இல் போன பெண்களில் பெரும்பாலோர் ஒரே கட்சி, தேசிய மக்கள் சக்தி. அது ஒரு அலை. அதற்கு முந்திய 2020இல் 225 பேரில் 12 பெண்கள்.

உள்ளூராட்சியில் மட்டும் எண்ணிக்கை ஏன் ஏறியது? முன்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2018 தேர்தலில் இருபதைத் தாண்டியது. அங்கே ஒதுக்கியது சபை ஆசனத்தில், 25 சதவீதம். வட்டாரத்தில் பெண் வெல்லாவிட்டால் வட்டாரத்துக்கு வெளியே கட்சி கொடுக்கும் மேலதிகப் பட்டியலிலிருந்து எடுத்துக் குறையை நிரப்ப வேண்டும், அந்தப் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள். மாகாண சபைக்கும் 2017இல் 30 சதவீதம் என்று ஒரு மசோதா வந்தது. குழுநிலையில் அதற்குள் தேர்தல் முறையையே மாற்றி நுழைத்தார்கள். தொகுதி எல்லை நிர்ணயத்தில் அது சிக்கியது. இதை எழுதும் வரை கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தலே இல்லை. பெண்ணின் பெயரில் வந்த மசோதா ஆண்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டது!

என்னைக் கேட்டால் தேசியப் பட்டியலில் கை வைக்க வேண்டும். நாடு முழுவதும் கட்சிகள் எடுத்த வாக்குப்படி பாராளுமன்றத்தில் பிரித்துக் கொடுக்கும் 29 ஆசனம் அது. அங்கே விருப்பு வாக்கு இல்லை, போஸ்டர் இல்லை, ஆளைத் தெரிவது கட்சி. அதில் பாதி பெண்களுக்கு என்று எழுதினால் கட்சி தப்ப முடியாது. மாவட்டப் பட்டியலுக்கு வேறு வழி பிறகு பார்க்கலாம்.

சரி, அந்தப் போன். 2018 தேர்தலுக்கு எங்கள் பக்கம் ஒரு கட்சிக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் குறைகிறது. யாரோ தன் மைத்துனியைக் கூப்பிட்டார். புருசனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், விரலிடுக்கில் பிட்டு மா காயவில்லை. எங்கே கையெழுத்து வைப்பது என்று மட்டும் கேட்டார். மேலதிகப் பட்டியலில் சபைக்கும் போனார். அவருக்கும் முதலில் கணவர்தான் போன் எடுத்தார். ஆறு மாதத்தில் மனிதருக்கு அலுத்துவிட்டது. "விடியச் சாமம் நாலு மணிக்குத் தெருலைட் எரியல்ல எண்டு எடுக்கிறானுகள், நீயே பேசு" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டார். இப்போது நான் எடுத்தாலும் அந்தப் பிள்ளைதான் பேசுகிறது, முதல் வார்த்தையே "எந்த ஒழுங்கை?" என்றுதான்.