பொஷெரூன் ஆலையில் இட்ட கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், பிரஷ்யத் தளபதி யோர்க் தன் மன்னரைக் கேட்காமலேயே ரஷ்யர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவரைத் தேசபக்தர் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் பதினெட்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவன். போர்முனையில் மேலிடத்து உத்தரவின்றி எதிரியோடு கைகுலுக்கும் தளபதியை எங்கள் அகராதியில் வேறு சொல்லால் அழைப்போம். அவர் போய்ச் சேர்ந்த பக்கம் வென்றது என்பதால்தானே அந்தச் சொல் மாறியது?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வி நியாயமானது. ஒரே வரியில் கடந்து சென்றது என் பிழை. நீண்ட காலம் சீருடையில் இருந்த ஒருவர் கேட்பதால் விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1759இல் பாட்ஸ்டாமில் பிறந்த லுட்விக் யோர்க், பதின்மூன்று வயதில் ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படையில் சேர்ந்தார். பவேரிய வாரிசுரிமைப் போரின்போது தேவாலயத்துப் பலிபீடத் துணியைக் கொள்ளையடித்த மேலதிகாரி ஒருவரை அவர் அணிவகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தார். அதற்காகக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, பிறகு படையிலிருந்தும் நீக்கப்பட்டார். வேறு வழியின்றி டச்சுக்காரர்களிடம் வேலைக்குப் போனார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ம்யூரோன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் திரட்டிய படைப்பிரிவில் கேப்டனாக நன்னம்பிக்கை முனைக்கும், 1783-84இல் கிழக்கிந்தியப் போர்களுக்கும் சென்றார். (அதே ம்யூரோன் படைதான் பின்னாளில் இலங்கையில் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்றது. யோர்க் அதற்கு வெகு முன்பே ஊர் திரும்பிவிட்டார்.) மகா பிரெடெரிக் மன்னர் உயிரோடு இருந்தவரை அவருக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. மன்னர் 1786இல் இறந்த பிறகே பழைய படைக்குத் திரும்ப முடிந்தது.

1799இல் அவருக்கு யேகர் படைப்பிரிவின் தலைமை கிடைத்தது. யேகர் என்றால் வேட்டைக்காரர். அக்காலக் காலாட்படை தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். கட்டளை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள், தனித்துக் குறிபார்ப்பது அந்த வரிசையின் வேலையன்று. யேகர்கள் அப்படியல்லர். மரத்துக்கும் வரப்புக்கும் பின்னால் சிதறி நின்று, தன் இலக்கைத் தானே தேர்ந்து, எப்போது சுடுவது எப்போது பின்வாங்குவது என்பதைப் பெரும்பாலும் தானே முடிவு செய்ய வேண்டியவர்கள். இந்தச் சிதறிய போர்முறையைப் பிரஷ்யாவில் முறையாகப் பயிற்றுவித்த முன்னோடிகளில் யோர்க் ஒருவர். 1806இல் யேனாவில் நெப்போலியனிடம் தோற்றுப் பிரஷ்யப் படை நொறுங்கி ஓடிக்கொண்டிருந்தபோது, எல்பே ஆற்றங்கரையில் ஆல்டன்ட்சாவுன் என்ற இடத்தில் இதே யேகர்களை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்து நிறுத்தி, மற்றவர்கள் ஆற்றைக் கடக்க வழிசெய்தார். சில நாட்களில் லூபெக்கில் படுகாயமுற்றுச் சிறைபட்டார்.

அவரைச் சீர்திருத்தவாதியாகவோ விடுதலை வீரராகவோ மட்டும் எண்ணிவிடாதீர்கள். பண்ணையடிமை முறையை ஒழித்த அமைச்சர் ஷ்டைனை யோர்க் வெறுத்தார். 1808இல் ஷ்டைன் பதவி இழந்தபோது வெளிப்படையாகவே மகிழ்ந்தார். பிரபுக்களின் உரிமையைப் பறித்தால் மன்னர் குடும்பத்தின் உரிமை மட்டும் எதன்மேல் நிற்கும் என்று இளவரசர் ஒருவரிடமே கேட்டவர். எப்போதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பதால் பழங்கதையில் வரும் ஓநாயின் பெயரைச் சொல்லி அவரைக் கிழட்டு இஸெக்ரிம் என்பார்கள். கலகம் அவருடைய கொள்கையில் இல்லை.

இனி 1812க்கு வருவோம். நெப்போலியனின் நிர்ப்பந்தத்தால் பிரஷ்யா 20,000 பேரை ரஷ்யப் போருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் படை மார்ஷல் மெக்டொனால்டின் கீழ் ரீகா நகரை நோக்கிப் போனது. முதல் தளபதி கிராவர்ட் நோயுற்று விலக, தலைமை யோர்க்கிடம் வந்தது. டிசம்பரில் பின்வாங்கும்போது அவருடைய பிரிவு மெக்டொனால்டிடமிருந்து பிரிந்தது. இடையில் புகுந்த ரஷ்யத் தளபதி டீபிட்சிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,400 பேர்தாம். யோர்க்கிடம் அதைப் போலப் பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள். நினைத்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். வலுவில்லாமல் சரணடைந்தவர் என்ற சமாதானம் அவருக்குப் பொருந்தாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தெளிவான உத்தரவு வேண்டி முன்னதாகவே தன் உதவி அதிகாரி ஸைட்லிட்ஸை பெர்லினுக்கு அனுப்பியிருந்தார். அவரோ சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்ளுங்கள் என்ற மழுப்பலான பதிலோடுதான் திரும்பினார். நீங்கள் இப்படிப்பட்ட உத்தரவுகளைப் பெற்றிருப்பீர்கள்.

டிசம்பர் 29 இரவு, டவுரோகன் என்ற சிற்றூரில், பிரஷ்யராக இருந்தும் ரஷ்யப் படையில் பணியாற்றிய கிளாஸ்விட்ஸ், ரஷ்யச் சீருடையில் அவரைப் பார்க்க வருகிறார். பின்னாளில் போரியல் நூலால் உலகப் புகழ் பெற்ற அதே கிளாஸ்விட்ஸ்தான். அந்தச் சந்திப்பை அவரே எழுதிவைத்திருக்கிறார். யோர்க் முதலில் அவரைப் பக்கத்திலேயே வரவிடவில்லை. உங்களால் என் தலை போய்விடும் என்று சீறுகிறார். கிளாஸ்விட்ஸ் விளக்குக் கேட்டு வாங்கி, கொண்டுவந்த கடிதங்களைக் காட்டுகிறார். 31ஆம் தேதிக்குள் ரஷ்யப் பெரும்படை வழியை அடைத்துவிடும் என்று ஒரு கடிதம் சொல்கிறது. "கிளாஸ்விட்ஸ், நீங்கள் ஒரு பிரஷ்யர். இந்தக் கடிதம் நேர்மையானது என்று நம்புகிறீர்களா?" என்று கேட்கிறார் யோர்க். கிளாஸ்விட்ஸ் வாக்குக் கொடுக்கிறார். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, யோர்க் கையை நீட்டுகிறார். அறையிலிருந்த இளம் அதிகாரி ஒருவர் உற்சாகமாகப் பேச, நீங்கள் இளைஞர்கள், எளிதாகச் சொல்லிவிடுவீர்கள், கிழவனான என் தலைதான் தோள்மேல் ஆடிக்கொண்டிருக்கிறது என்கிறார். அப்போது அவருக்கு வயது 53.

மறுநாள் காலை பொஷெரூன் என்ற இடத்து ஆலையில், டவுரோகன் உடன்படிக்கை என்று அறியப்படும் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. எதிர்த்தரப்பில் வந்த டீபிட்சும் பிறப்பால் பிரஷ்ய மாகாணமான சைலீசியாக்காரர். ஆக இரு பக்கமும் பிரஷ்யர்களே அமர்ந்திருந்தார்கள்.

உங்கள் கேள்விக்கான விடை அந்த உடன்படிக்கையின் வாசகத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். யோர்க் தன் படையை ரஷ்யாவிடம் ஒப்படைக்கவில்லை, பிரெஞ்சுக்காரர்கள்மேல் அதைத் திருப்பவுமில்லை. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் நடுநிலையாக நிற்பதாகவும், மன்னர் இதை ஏற்காவிட்டாலும் 1813 மார்ச் 1 வரை ரஷ்யாவை எதிர்த்துப் போரிடுவதில்லை என்றும்தான் ஒப்புக்கொண்டார். மன்னர் மறுப்பதற்கான கதவு திறந்தே இருந்தது. ஜனவரி 3 அன்று மன்னருக்கு எழுதிய கடிதத்தில், தான் தவறு செய்திருந்தால் தலையை அவர் காலடியில் வைப்பதாகவும், தலைநரைத்த போர்க்களத்தில் போலவே மணல்மேட்டிலும் அமைதியாகத் துப்பாக்கிக் குண்டுக்குக் காத்திருப்பேன் என்றும் குறிப்பிட்டார். மணல்மேடு என்றது மரண தண்டனையை நிறைவேற்றும் இடத்தை. துரோகி தப்பிக்க வழி வைத்துக்கொள்வான். இவர் மன்னருக்கு வழி வைத்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. வென்ற பக்கம் என்கிறீர்கள். அன்று பெர்லினில் பிரெஞ்சுப் படை நின்றிருந்தது. வெற்றி எந்தப் பக்கம் என்று எவருக்கும் தெரியாது.

மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்ஹெல்ம் அவரைப் பதவிநீக்கி உத்தரவிட்டார். அதைக் கொண்டுபோன தூதரை ரஷ்யர்கள் வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்ய மாகாணச் சபை மன்னருக்குக் காத்திராமல் மக்கள் படை திரட்டத் தொடங்கியது. அந்த மாதமே மன்னர் ரஷ்யாவோடு கூட்டுச் சேர்ந்தார்; மார்ச்சில் பிரான்சின்மீது போர் அறிவிக்கப்பட்டது, விசாரணைக் குழுவும் யோர்க்கைக் குற்றமற்றவர் என்றது.

அடுத்து வந்த போர்களை விரித்தால் இந்தக் கடிதம் தாங்காது. 1813 அக்டோபர் 3 அன்று வார்ட்டன்பூர்க்கில் எல்பேயைக் கடந்து பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தினார். போர் முடிந்து, முன்னின்று தாக்கிய ஒரு பட்டாலியன் அவரைக் கடந்து சென்றபோது, அதன் கடைசி வீரனும் போகும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார் என்பார்கள். யாரையும் எளிதில் பாராட்டாத அந்தக் கடுமுகம் அப்படி நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 13 நாள் கழித்து லைப்சிக் அருகே மெக்கர்னில் மார்ஷல் மார்மோனை வென்றார். ஆனால் அவர் படையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அங்கே விழுந்தது.

அந்தக் கையெழுத்து அவர் காலத்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத்திடம் சிறைபட்ட ஜெர்மன் அதிகாரிகள், ஹிட்லரைக் கைவிடுமாறு தம் சக தளபதிகளுக்கு விடுத்த அழைப்பில் டவுரோகன் உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டினார்கள். யோர்க்கின் வழிவந்த பேட்டர் யோர்க், ஹிட்லரைக் கொல்லும் சதியில் பங்கேற்று 1944 ஆகஸ்ட் 8 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மன்னர் தளபதி யோர்க்கை முழுமனதோடு மன்னித்தாரா என்பதில் எனக்கு ஐயமுண்டு. 1814இல் பிரபுப் பட்டம் தந்தார், சைலீசியாவில் பண்ணை தந்தார், 1821இல் பீல்டு மார்ஷலாகவும் உயர்த்தினார். ஆனால் 1830இல் அந்தப் பண்ணையில் கண்மூடும்வரை யோர்க்கின் பெயரோடு சேர்ந்திருந்த ஊர்ப்பெயர், உத்தரவின்படி போரிட்டு வென்ற வார்ட்டன்பூர்க்.

அன்புடன்.