கடிகாரம் இல்லாத ஆட்டம்

இசை, ஆட்டம், படக்கதை, சினிமா ஆகியவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நம் திருவல்லிக்கேணி ரசிகர் பதிலளிக்கும் பகுதி.

கேள்வி: ஐயா, சேப்பாக்கம் மைதானத்தின் விளக்குகள் தெரியும் தூரத்தில் குடியிருப்பவர் நீங்கள். அப்படிப்பட்டவர் விடியற்காலையில் எழுந்து அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்ப்பதாகச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துத் திகைத்துப்போனேன். அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
வாசகர், பெரம்பூர்

பதில்: இதே கேள்வியை என் வீட்டிலும் உங்களைவிடக் கடுமையான சொற்களில் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வாய்க்காத பதிலை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

2016 நவம்பர் 3 ஆம் தேதி விடியற்காலையில், சிகாகோவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, கம்ப்யூட்டரைப் போடுங்க, எங்க ஊர் டீம் கப்பு வாங்கி நூத்தியெட்டு வருஷம் ஆச்சு, இன்னைக்கு வாங்கினாலும் வாங்கிடும்" என்றான். திருவல்லிக்கேணி வைணவர்களின் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று என்பதால், அந்த எண்ணைக் கேட்டால் எங்கள் தெருவில் யாராயினும் எழுந்து உட்காருவார்கள். (பேஸ்பால் பந்தின் தோலில் உள்ள தையல்களும் 108 என்று பிற்பாடு அறிந்தபோது, இது நமக்கென்றே ஏற்பட்ட ஆட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன்.) சிகாகோ கப்ஸ் அணி, அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை அதற்கு முன் கடைசியாக வென்றது 1908 ஆம் ஆண்டில். கிளீவ்லாந்து நகரில் அந்நகர அணியோடு நடந்த, தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம் நம் நேரப்படி காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. 6-3 என்று முன்னிலையில் இருந்த கப்ஸ், எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ஓட்டங்களைப் பறிகொடுத்து, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது 6-6 என்ற சமநிலையில் நின்றது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் அன்றைய பொழுதே போயிற்று என்று பழகிய சேப்பாக்கத்துக்காரனாகிய நான் பல் துலக்கப் போய்விட்டேன். பதினேழே நிமிடத்தில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் இரண்டு ஓட்டங்களையும் கிளீவ்லாந்து ஒன்றையும் எடுக்க, 8-7 என்ற கணக்கில் கப்ஸ் வென்றபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அன்று அலுவலகத்துக்கு என்ன காரணம் சொன்னேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

விதிகள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அன்று பார்த்த ஆட்டத்தில் என்னைக் கட்டிப்போட்டது, அதில் கடிகாரத்துக்கு இடமே இல்லை என்பதுதான். கால்பந்தில் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்துவிடலாம். டெஸ்ட் கிரிக்கெட்டில் தோற்கும் நிலையில் உள்ள அணி மட்டையைத் தடுப்பாக வைத்துச் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்து டிரா செய்துவிடலாம். பேஸ்பாலில் இந்த இரண்டு புகலிடங்களும் கிடையாது. எத்தனை ஓட்டங்கள் முன்னிலையில் இருந்தாலும், இன்னிங்ஸுக்கு மூன்றாக ஒன்பது இன்னிங்ஸில் எதிரணியின் 27 அவுட்டுகளை எடுத்தே தீர வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் பந்தை எதிராளி அடிக்கக்கூடிய இடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். கடைசி ஆள் அவுட்டாகும் வரை தோற்பவனுக்கும் வாய்ப்பு உண்டு.

இதனால் கிரிக்கெட்டின் மீது பற்று குறைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் சுவை முழுவதும் கடிகாரத்தால் வந்ததே. டீன் ஜோன்ஸ் நம் ஊர் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ஓட்டங்களைக் குவித்து, பிறகு மருத்துவமனைக்குப் போன ஆட்டம் அது. கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் இலக்கு. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஓர் ஓட்டம் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போக, ஐந்தாவது பந்தில் கடைசி ஆட்டக்காரர் மனீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனார். இரு அணியும் சம ஓட்டங்களில் முடித்த 'டை', டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது. ஐந்து நாள் ஆடிய ஆட்டத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்துதான். வானொலியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருவே, வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது.

கேள்வி: டிசம்பர் கச்சேரிகள் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டன என்று என் தந்தையார் வருந்துகிறார். அவர் காலத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த கச்சேரியைக் கச்சேரி என்றே சொல்ல மாட்டார்களாம். உங்கள் கருத்து என்ன?
ஆசிரியை ஒருவர், குரோம்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருடைய வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அது பழைய வருத்தமும்கூட. இன்று நாம் கச்சேரி என்று அறியும் வரிசை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகளைப் பாடி, விரிவான ஓர் உருப்படியையும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் நடுநாயகமாக வைத்து, துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களில் முடிக்கும் முறை, அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்தது என்று சொல்வார்கள். அதற்கு முன் ஒரு ராகத்தையும் ஒரு பல்லவியையும் வைத்துக்கொண்டே இரவைக் கழித்தவர்களின் பார்வையில், அரியக்குடியின் கச்சேரியே அவசரக் கச்சேரியாகப் பட்டிருக்கக்கூடும். உங்கள் தந்தையார் ஏங்குகிற அந்த நான்கு மணி நேரம், அவருக்கு முந்திய தலைமுறையின் கணக்கில் குறைப் பிரசவம்.

முந்தைய பதிலில் பேஸ்பாலுக்குக் கடிகாரம் இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டேன் அல்லவா? 2023 ஆம் ஆண்டிலிருந்து அங்கேயும் ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு இன்றும் கால வரம்பு கிடையாது. ஆனால் களத்தின் முனைகளில் எதிரணியின் ஓட்டக்காரர் எவரும் இல்லாத வேளையில், பிட்சர், அதாவது பந்தை எறிபவர், பதினைந்து விநாடிக்குள் பந்தை எறியத் தொடங்கியாக வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் மூன்று மணி நான்கு நிமிடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நாற்பது நிமிடமாக இறங்கியது. ஆட்டம் கெட்டது என்று அக்காள் மகனுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியவன் நான். ஒரு மாதம் பார்த்த பிறகு, இழந்தது எது என்று தேடினேன். அடிப்பவர் ஒவ்வொரு பந்துக்கும் விலகி நின்று கையுறையின் பட்டையை அவிழ்த்துக் கட்டுகிற காட்சி ஒன்றுதான் போயிருந்தது. மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியவில்லை.

அந்தக் கணக்கைக் கச்சேரிக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. தோடி ராகத்தை விரிக்கும் பாடகர் காந்தார ஸ்வரத்தில் நின்று, அடுத்த பிடியைத் தேடிச் சில நொடி மௌனமாக இருக்கும்போது, அவர் கையுறைப் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த மௌனமும் ஆலாபனைதான். மியூசிக் அகாதெமி போன்ற சபைகளில் மாலைக் கச்சேரியில் இன்னும் அதற்கு இடம் இருக்கிறது. மதியக் கச்சேரியில் பாடும் இளைஞர்கள்தாம், ஆறு உருப்படியையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆவலில் அந்த மௌனத்தை முதலில் வெட்டுகிறார்கள். நான்கே உருப்படி பாடினால் போதும் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். கீரை வடை ஆறிவிடும் என்ற அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. மன்னிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

கேள்வி: பழைய 'இரும்புக்கை மாயாவி' கதைகளை அண்மையில் மறுபதிப்பில் படித்தேன். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி சாகக் கிடக்கிறார், அடுத்த பக்கத்திலேயே தப்பிவிடுகிறார். ஏன் இந்த அவசரம்?
வாசகர், அம்பத்தூர்

பதில்: நல்ல கண் உங்களுக்கு. 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட மாயாவி, பிறப்பால் ஆங்கிலேயர். 1962 முதல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தவர். கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்தை வைத்தால்தான் அடுத்த வாரமும் பையன் காசோடு கடைக்கு வருவான். அந்த வாரங்களையெல்லாம் சேர்த்துத் தைத்து ஒரே புத்தகமாக நம் கையில் கொடுத்தபோது, அங்கே ஏழு நாளைக்கு ஒன்றாக இருந்த ஆபத்து இங்கே ஏழு நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது. தமிழ்ச் சிறுவர்களாகிய நாங்கள் அதுதான் படக்கதையின் இலக்கணம் என்று நம்பி, மூச்சு வாங்கப் படித்தோம். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் மறையும், சற்று நேரத்தில் மீண்டும் தெரிந்துவிடும் என்பதால், மாயாவியின் சக்திக்கே ஒரு கெடு இருந்ததும் அந்தப் பரபரப்புக்குத் துணை செய்தது.

இத்தாலியில் 1948 இல் பிறந்து, லயன் காமிக்ஸ் வழியே நம்மிடம் வந்த கௌபாய் நாயகர் டெக்ஸ் வில்லரைப் பிற்பாடு படித்தபோது, நெருப்பு மூட்டி உட்கார்ந்து இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொள்வதைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. இப்போது அந்தப் பக்கங்களுக்காகவே டெக்ஸை எடுக்கிறேன். பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழைய இதழ்கள் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். இரவல் வாங்கிப் போன நண்பர் ஒருவரால் என் சேகரிப்பில் விழுந்த ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை.

கேள்வி: இடைவேளைக்கென்று எழுதப்படாத ஆங்கிலப் படங்களை நடுவில் வெட்டி நிறுத்துவது அநியாயம் அல்லவா?
கல்லூரி மாணவர், வளசரவாக்கம்

பதில்: அநியாயம்தான். தமிழ்த் திரைக்கதையில் இடைவேளை என்பது வீட்டுக்கு நிலைப்படி போல, முதலிலேயே வைத்துக் கட்டுவது. ஆங்கிலப் படத்தில் அது சுவரை இடித்து வைத்த வாசல். ஆனால் தம்பி, அண்ணா சாலையில் சபையர் வளாகத்தில் இருந்த புளூ டைமண்ட் அரங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே தொடர்காட்சி. எப்போது வேண்டுமானாலும் சீட்டு வாங்கி நுழையலாம், விரும்பும் வரை உட்காரலாம். வெயிலுக்குப் பயந்து குளிர்சாதனத்துக்காகவே நுழைந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கொலைப் படத்தின் பின்பாதியை முதலில் பார்த்து, கொலைகாரன் இன்னான் என்று தெரிந்துகொண்டு, அதன்பின் முன்பாதியில் அவன் எல்லோரிடமும் எவ்வளவு அன்பாகப் பேசுகிறான் என்று பார்த்தேன். நேர்வழியில் பார்த்தவர்களுக்கு அந்த நடிப்பு கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: அரை மணி நேரக் கீர்த்தனை கேட்ட காதுக்கு, நாலரை நிமிடத் திரைப்பாடல் எப்படி நிறைவு தரும்?
வாசகி, மந்தைவெளி

பதில்: தரும், அம்மா. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். அந்தக் காலத்து வித்வான்கள் அதற்குள் ஒரு ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு இறங்கினார்கள். திரைப்பாட்டு அந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொண்டு வளர்ந்தது.

என் அளவில் நிறைவுக் குறைவு ஒரே பாடலில்தான் ஏற்பட்டது, அதற்குப் பாடல் பொறுப்பில்லை. எண்பதுகளில் எங்கள் பேட்டையில் இருந்த ஒரு பதிவுக்கடையில், பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்குவோம். பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு என்றால் இருபத்தேழு. மிச்சம் மூன்று நிமிடத்தை வெறும் நாடாவாக விடக் கடைக்காரருக்கு மனம் வராது. ஏழாவதாக ஒரு பாடலைத் தொடங்கி வைப்பார், இரண்டாம் சரணத்தின் நடுவில் 'டக்' என்று நாடா நின்றுவிடும். இசைத்தட்டுக் காலத்துப் பாடல் ஒன்று அந்த மூன்று நிமிடத்தில் முழுசாக அடங்கியிருக்கும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்று அதே பாடல் கைப்பேசியில் கடைசி வரை தங்குதடையின்றி ஓடுகிறது. இரண்டாம் சரணத்தின் அந்த வரி வரும்போது மட்டும் என் காது 'டக்' என்ற ஓசையை எதிர்பார்த்து ஒரு கணம் நிற்கிறது.