செர்ட்ரலின் எடுக்கும்போது கர்ப்பமாகிவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டுமா?

மனச்சோர்வுக்குத் தினம் 50 மி.கி. செர்ட்ரலின் எடுக்கிறேன், இப்போது 7 வாரக் கர்ப்பம், மாமியார் நிறுத்தச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்பே மனச்சோர்வு நோய் கண்டு, கர்ப்பத்தின்போது மருந்தை விட்டவர்களில் 68 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்குத்தான். சோர்வு முற்றினால் தாய்க்குச் சாப்பாடும் தூக்கமும் கெடும், குறைப்பிரசவ வாய்ப்பும் கூடும். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்.

குழந்தைக்கு இதயக் குறைபாடு வரலாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டின் என்ற மாத்திரையைப் பற்றியது. கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் முதலில் யோசிப்பவற்றுள் செர்ட்ரலினும் ஒன்று. பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடும் கோளாறு, இவ்வகை மருந்தால், 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேருக்கு வருவது 3 ஆகலாம், அவ்வளவே.

நீங்கள் உண்மையில் தயாராக வேண்டியது பிறந்த முதல் சில நாள்களுக்கு. இவ்வகை மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் மூன்று பேருக்குக் கைகால் நடுக்கம், ஓயாத அழுகை, சரியாகப் பால் குடிக்காமை, வேகமான மூச்சு வரலாம். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்திற்குள் தொடங்கி, சில நாள்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். இது போதைப் பழக்கம் அல்ல. மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை, மார்போடு தோல்பட அணைப்பு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால்: பலருக்கு இதுவே போதும். நடுங்கும் காலை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் வெறும் நடுக்கம், பிடித்தும் துடித்தால் வலிப்பாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும் என்பதால் குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சிங்கப்பூரில் சுகப்பிரசவத்தில் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் பிரசவ வார்டில் முன்கூட்டியே சொல்லி, 48 மணி நேரம் குழந்தையைக் கவனிக்க முடியுமா என்று கேளுங்கள். மஞ்சள்காமாலை பார்க்கப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போகும்போதும் மறைக்காதீர்கள். உதடு நீலமானால், அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் தொடர்ந்து வாங்கினால், அல்லது வலிப்பு வந்தால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

பிரசவம் நெருங்கும்போது அளவைக் குறைத்தால் குழந்தைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதனால் பலன் என்று உறுதியாகவில்லை. உங்களுக்கோ பிரசவத்தை ஒட்டிய காலத்தில்தான் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். தாய்ப்பாலில் செர்ட்ரலின் மிகக் குறைவாகவே சேரும், தயங்காமல் கொடுக்கலாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் மனநலத்துக்கென்றே பிரிவு இருக்கிறது. 12 வாரம் ஆகட்டும் என்று காத்திராமல் இப்போதே பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.