ஆகாய கங்கையில் பாதிவழி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். அறப்பளீசுவரர் கோயிலில் வழிபட்டபின் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கத் தொடங்கினோம். பாதி தூரம் கடப்பதற்குள் அறுபது வயதைத் தாண்டிய என் தாயாருக்குக் கால்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. தினமும் நடைப்பயிற்சி செய்பவர் அவர். அருவியின் ஓசை கேட்கும் தொலைவில் இருந்தும் அனைவரும் திரும்பிவிட்டோம். ஏறும்போது அல்லாமல் இறங்கும்போதே கால் நடுங்கியது ஏன்? பழனியில் இருப்பதுபோல் இங்கும் ஒரு இழுவை ரயிலோ ரோப் காரோ அமைத்தால் முதியவர்களும் அருவியைப் பார்க்கலாமே? இதில் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் திரும்பியது மிகச் சரியான முடிவு. மலைமேல் உள்ள கோயில்களில் ஏற்றம் முதலில் வருகிறது. முடியாதவருக்கு அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், அங்கிருந்து திரும்புவதும் எளிது. ஆகாய கங்கையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மூச்சு வாங்காமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி, அருவியில் நனைந்து, பசியும் களைப்பும் சேர்ந்த பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு படியும் திருப்பிக் கட்டவேண்டிய கடன் என்ற நினைவு இருந்தால்தான் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது புலப்படும். எதிரே ஏறிவருபவர்கள் "இதோ, இன்னும் கொஞ்சம்தான்" என்பார்கள். அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள்; நம்பிவிடக் கூடாது.

இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் உடலைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கின்றன. ஏறும்போது சுருங்கி உழைக்கும் அதே தசை, இறங்கும்போது பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது பெரும்பாலும் இந்த வகை உழைப்பினால்தான். முழங்காலின் மீது ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. சமதரை நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லதே என்றாலும் இந்தத் தசைகளை இத்தகைய இறக்கத்துக்குப் பழக்குவதில்லை. தங்கள் தாயார் நாள்தோறும் நடப்பவராக இருந்தும் கால் நடுங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையில் வலி கூடியிருந்தால் அதுவும் இதன் தொடர்ச்சிதான். மெதுவாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, களைப்பு தெரிவதற்கு முன்பே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதுதான் வழி.

இந்த அருவி இவ்வளவு ஆழத்தில் இருப்பதற்குக் கொல்லிமலையின் அமைப்பே காரணம். கூரிய சிகரமாக எழாமல், மேலே ஊர்களும் வயல்களும் மிளகுக் கொடிகளும் பலாமரங்களும் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அந்த மேட்டுநிலத்துக்கு ஏறியவுடன் மலையேற்றம் முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் கோயிலுக்கு அருகே அமைதியாக ஓடும் ஐயாறு, சற்றுத் தொலைவில் மேட்டுநிலம் பிளந்துபோன இடத்தில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மூன்று பக்கமும் காடடர்ந்த பாறைச் சரிவுகள் சூழ்ந்திருப்பதால் வழிநெடுக ஓசைதான் கேட்கும். அடிவரை இறங்கி அண்ணாந்து பார்ப்பவருக்கே அதன் முழு உயரமும் தெரியும்.

இழுவை ரயில் பற்றிய தங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. பழனியில் 693 படிகளுக்கு மேலே ஆயிரக்கணக்கானோர் நிற்பதற்கேற்ற இடம் இருக்கிறது, அங்கே வெள்ள அபாயமும் இல்லை. இங்கே அடியில் இருப்பதோ பாறைகள் நிறைந்த குறுகிய இடம். மேட்டுநிலத்தில் பெய்யும் மழையெல்லாம் அந்த ஒரு பிளவை நோக்கி ஓடிவருவதால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதும் நீர்வரத்து திடீரென்று உயரக்கூடும். ஒரு விடுமுறை நாளில் எந்திரம் கொண்டுபோய் இறக்கிவிடும் கூட்டத்தை அப்படிப்பட்ட நேரத்தில் எப்படி வெளியேற்றுவது? இப்போது படிகளே கூட்டத்தை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன. மாறாக, தொடக்கத்திலேயே படிகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதும், பாதிவழியில் "இதற்குமேல் இறங்கினால் இவ்வளவு ஏற வேண்டும்" என்று ஒரு பலகை நடுவதும், நிழலுள்ள இருக்கைகளைக் கூட்டுவதும் எளிதாகச் செய்யக்கூடியவை. இவற்றுக்கு ஆகும் செலவும் குறைவு, காட்டில் ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

தங்கள் தாயார் அந்த ஆற்றைப் பார்க்கவே முடியாது என்பதில்லை. கோயிலை ஒட்டிய துறையில் மீன்களைப் பிடிக்காமல் போற்றி, பொரி இடும் வழக்கம் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே பெரும் நிறைவைத் தரும். அருவியில் நனைய வேண்டுமென்றால் சில படிகளே இறங்க வேண்டிய மாசிலா அருவி இருக்கிறது. மலையடிவாரத்தில் புளியஞ்சோலைக்குச் சென்றால், மேலிருந்து விழுந்த அதே ஆறு பாறைகளுக்கிடையே ஓடிவருவதைப் பார்க்கலாம்.

நீங்கள் மீண்டும் இறங்க விரும்பினால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலோ தையிலோ செல்லுங்கள். அப்போது நீரும் இருக்கும், வெயிலும் கடுமையாக இராது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடப்பதால் அந்த நாள்களில் மலைப்பாதையிலும் படிகளிலும் நெரிசல் மிகுதி. உச்சி வெயிலுக்குள் ஏறி முடிக்கும்படி காலையிலேயே இறங்கிவிடுங்கள். தின்பண்டங்களைக் கையில் தெரியும்படி எடுத்துச் செல்ல வேண்டாம், வழியெங்கும் குரங்குகள் உண்டு. தண்ணீரை மட்டும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். அதில் பாதியை ஏறும்போது குடிப்பதற்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.